சரக்கு ஏற்றினால் மட்டும் வரும் சத்தம்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது நான் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உயர்நிலைப் பள்ளியோடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு டெலிவரி ரசீதில் கையெழுத்துப் போட்டதைத் தவிர எதையும் எழுதியதில்லை. ஆனால் இந்தக் கதையை வீட்டிலும் கடையிலும் ஆளுக்கொரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஒரு கல்யாண வீட்டில், நான் லாரியைக் கடலுக்குள் விட்டதாகவே ஒருவர் சொன்னார். நடந்ததை நானே சொல்லிவிடலாம் என்றுதான் துணிந்தேன்.

நான் லிட்டில் இந்தியாவில் ஒரு மொத்த மளிகைக் கடைக்கு லாரி ஓட்டுகிறேன். முதலாளி சரோஜா அக்கா. என் கூச்சத்தைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். காப்பிக்கடையில் பால் இல்லாத தேநீர் கேட்டு, பால் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தால், நன்றி சொல்லிக் குடித்துவிட்டு வருவேன். (எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது.) இப்படிப்பட்டவனுக்கு லாரியின் முன்சீட்டைப் போல இன்னொரு இடம் கிடையாது. அங்கே யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஊரின் வடகோடியில் இருக்கும் செம்பவாங் வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் போய்வரலாம்.

அந்த லாரிக்குத்தான் போன வருடம் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சத்தம் வந்தது. டொக், டொக் என்று அடியிலிருந்து. வேகம் கூடினால் சத்தமும் கூடும். விரைவுச்சாலையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பார்த்தேன். எஞ்சின் அடங்கியது, சத்தம் அடங்கவில்லை. அப்படியானால் எஞ்சின் இல்லை. கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் அந்த நீளத் தண்டில், புரொப்பல்லர் ஷாஃப்டில்தான் கோளாறு என்று முடிவு செய்தேன். ஒருநாள் டார்ச் அடித்துக் குனிந்தும் பார்த்தேன். ஷாஃப்ட் பக்கத்தில் உருண்டையாக, எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக ஏதோ தொங்கியது. லாரியின் உறுப்புகளில் அதுவும் ஒன்று என்று நினைத்து மரியாதையோடு விட்டுவிட்டேன்.

அக்காவிடம் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். வருடக் கடைசியில் லாரியின் சிஓஇ, அதாவது அதைச் சாலையில் ஓட்டும் உரிமம், முடிகிறது. பணம் கட்டிப் புதுப்பிப்பதா, லாரியைப் பழைய இரும்பாக நசுக்கக் கொடுப்பதா என்று அவர் ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தார்.

"பெரிய கோளாறுன்னா குடுத்துருவோம் மணியம். டெலிவரிக்கு வெளியாளப் பாத்துக்கலாம். நீ கல்லாவுல உக்காரு. உன்னை நான் விட்டுருவேனா?"

அன்போடுதான் சொன்னார். ஆனால் தீபாவளி நேரத்துச் சிராங்கூன் சாலைக் கூட்டத்தையும் எங்கள் கடைக் கல்லாவையும் நினைத்துப் பாருங்கள். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன என்று விஜயா கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். (பெண்டாட்டியிடமும் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு.)

காக்கி புக்கிட்டில் ஆ ஹோக் என்பவரின் பட்டறைக்குப் போனேன். அவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார், இடையிடையே எங்களிடம் பழகிய தமிழும் வரும். லாரியை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சத்தம் இல்லை. "சத்தம் இல்லாம நான் என்னத்தக் கழட்டுறது? நீ செஞ்சு காட்டு லா" என்றார்.

வாயாலேயே செய்து காட்டினேன். முதலில் மெதுவாக, டொக்... டொக். அவருக்குப் புரியவில்லை. வேகம் கூட்டினேன். கையும் தானாக ஆட ஆரம்பித்தது. பக்கத்துப் பட்டறைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒருவர் கியர் என்றார். இன்னொருவர் மலாய்க் கல்யாணத்தில் கொம்பாங் மேளம் அடிப்பதுபோல் இருக்கிறது என்றார். ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். நான் பிறந்ததிலிருந்து அத்தனை பேர் முன்னால் நின்றதில்லை. என் கல்யாணத்தில்கூட உட்கார்ந்துதான் இருந்தேன்.

மறுபடியும் போனேன். மறுபடியும் சத்தம் இல்லை. மறுபடியும் நடித்தேன். சாலையில் தவறாமல் வரும் சத்தம் பட்டறையில் மட்டும் ஏன் வரவில்லை என்று எனக்குப் புரியவில்லை. பிறத்தியார் இடத்துக்குப் போகும்போது நல்லபடியாகப் போக வேண்டும் என்று, ஒவ்வொரு முறையும் சரக்கையெல்லாம் இறக்கி, பின்பக்கத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் போவேன். அதில்தான் விஷயம் இருந்தது.

கடைசியில் அக்கா பொறுமை இழந்தார். தெம்பனிஸுக்கு அரிசி மூட்டை ஏற்றிய அன்று தானே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். விரைவுச்சாலையில் ஏறியதும் டொக் டொக் ஆரம்பித்தது. அக்கா காதைக் கொடுத்துக் கேட்டார். "நேரா பட்டறைக்கு விடு" என்றார். மூட்டையை இறக்கிவிட்டு, என்று இழுத்தேன். "விடுன்னா விடு."

என் லாரி ஓட்டம் இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். வழியெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து பழகிக்கொண்டே போனேன். 'வாங்க, என்ன வேணும்?' மனதுக்குள்ளேயே திக்கியது.

இந்த முறை ஆ ஹோக்குக்கும் சத்தம் கேட்டது. அடியில் நுழைந்தார். பிறகு வெளியே வந்து, கைகளைத் துணியில் துடைத்து, லாரியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"தேங்காய். சாமி பொருள். நான் தொடமாட்டேன். நீயே போ."

அவருடைய ஆட்களும் தொடமாட்டோம் என்றார்கள். நான் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தேன். (வயிறு ஒரு இடத்தில் மாட்டியது. அதைப் பற்றி எழுத விரும்பவில்லை.) நான் டார்ச் அடித்து மரியாதை செய்த அதே உறுப்புதான். சிவப்புத் துணியில் சுற்றிய தேங்காய், எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. பாரம் ஏறி லாரி அமுங்கும்போது அது ஷாஃப்டின் மூட்டில் இடித்திருக்கிறது. ஒரு பக்கம் துணி கிழிந்து, ஓடு வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

கட்டியவர்களைக் கேட்காமல் அவிழ்க்கக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார். ஆயுத பூஜை அன்று லாரிக்குப் பொட்டு வைத்தது விஜயா. நான் வெட்கப்பட்டுக் கடைக்குள் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். அக்கா போனில் அவளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில், அடியில் படுத்திருந்த என்னிடம் நீட்டினார். நான்தான் கேட்டேன்.

"விஜயா, லாரிக்கு அடியில தேங்காய் ஏதும் கட்டினியா?"

"கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"அங்க போயா கட்டுறது?"

"முன்னாடி கட்டினா எல்லாரும் பாக்குறாங்கன்னு அதுக்கு முந்தின வருஷம் அவுத்துப் போட்டது யாரு? அதான் யாரு கண்ணுலயும் படாத எடமாப் பாத்துக் கட்டினேன்."

"எதுக்கு கட்டின?"



"அக்கா லாரியைக் குடுத்துருவாங்களோன்னு கடையில பேசிக்கிட்டாங்க. உங்ககிட்ட கேட்டா நீங்க சொல்லவா போறீங்க? லாரி போச்சுன்னா நீங்க என்ன ஆவீங்க? அது ஒண்ணுலதான் சந்தோஷமா உக்காருறீங்க."

நான் தேங்காயைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். என் முகம் யாருக்கும் தெரியவில்லை. அதற்காக அந்த லாரிக்கு நான் இன்றும் நன்றி உள்ளவன்.

"விஜயா, நான் சரோஜா பேசுறேம்மா," என்றார் அக்கா. "லாரி எங்கயும் போகல. ஷாஃப்ட் நல்லாத்தான் இருக்கு. தேங்காயை மட்டும் முன்னாடி கட்டச் சொல்றேன். உம் புருஷன் வெட்கப்பட்டா படட்டும்."

காலைப் பிடித்து இரண்டு பேர் என்னை வெளியே இழுத்தார்கள். நெஞ்சின் மேல் தேங்காயை வைத்துக்கொண்டு வந்தேன். அதையும் அந்த ஆள் படம் பிடித்தார்.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது எதையாவது மனதில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் சாப்பிட்டால், என் மகள் விரலால் மேசையைத் தட்டுவாள். டொக், டொக். அவர்கள் சொல்லும்வரை நிறுத்தமாட்டாள். பெரும்பாலும் எனக்காகத்தான் தட்டுவாள். நானும் இப்போதெல்லாம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

தேங்காயை முன்னால் கட்டிய மறுநாள் காலையில் செம்பவாங்குக்குப் பருப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு போனேன். சத்தம் வரவில்லை. ஒரு சிக்னலில் பக்கத்து லாரிக்காரர் எட்டி என் பம்பரில் தொங்கிய தேங்காயைப் பார்த்தார். நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை விழுந்தது. போனேன்.