நயாகராவை மூடத் தெரியாதவர்கள்

பின்லாந்தைப் போல எதையும் பாராட்டாமல் காலம் தள்ளிய மனிதரை அமெரிக்கா அதற்கு முன் கண்டதில்லை. அவருக்குப் பெயர் இருந்தது, தபால்காரருக்குத் தெரியும். எண்பதுகளில் நியூஜெர்சி வெஸ்ட் வின்ட்சரில் இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களுக்கு அவர் பின்லாந்துதான். எங்கள் பக்கத்து அபார்ட்மென்ட். கட்டைப் பிரம்மச்சாரி. இங்கே வருமுன் பின்லாந்து தேசத்தில் லாப்பேன்ரான்டா என்ற ஊரில், காகித ஆலையில் இரண்டு வருஷம் இன்ஜினீயராக இருந்தார். அந்த இரண்டு வருஷத்தை எங்களிடம் ஆறு வருஷம் சொன்னார்.

"ஏரிக்கரை ஊரு சார். ஏரின்னா நம்ம ஊரு ஏரி இல்ல. தீவு தீவா இருக்கும். உள்ள கடல்நாய் நீந்தும். அரை மணி டிரைவ் பண்ணா ரஷ்யா பார்டர்."

"பார்டர்ல என்ன இருக்கும்?" என்றேன்.

"மரம். அந்தப் பக்கமும் அதே மரம்தான். ஆனா பாத்துக்கிட்டே இருக்கலாம்."

இந்த மனிதர் வாயிலிருந்து 'நல்லாருக்கு' என்ற ஒரு சொல்லை வாங்கியே தீருவது என்று என் மனைவி மைதிலி சபதம் எடுத்தாள். அவளுடைய வத்தக்குழம்புக்காக எடிசன் நகரத்திலிருந்தெல்லாம் ஆள் வரும். பின்லாந்துக்கு அதைப் போட்டாள். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

"எப்படி இருக்கு?"

"லாப்பேன்ரான்டா மார்க்கெட்ல மீட் பைன்னு கறி அடைச்ச ரொட்டி விப்பாங்க. நான் வெஜிடேரியன், வாயில வெச்சதில்ல. ஆனா அந்த வாசனை..." என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் தின்றே பார்க்காத பண்டத்திடம் தன் வத்தக்குழம்பு தோற்றதை மைதிலியால் தாங்க முடியவில்லை. அடுத்து நயாகரா. அந்தக் காலத்தில் நியூஜெர்சிக்கு யார் வந்தாலும் நயாகராவுக்கு அழைத்துப் போவது, திருச்சிக்கு வந்தவரை மலைக்கோட்டைக்குக் கூட்டிப் போவதைப் போலக் கட்டாயம். புளியோதரை கட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்க டிரைவ் பண்ணினோம். எல்லோரும் அருவியைப் பார்க்க, மைதிலி மட்டும் பின்லாந்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி வருது," என்றார் அவர். பிறகு, "இதை மூடவே மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"எதை?"

"ஃபால்ஸை. எங்களுக்குப் பக்கத்து ஊரு இமாத்ரா. அங்க கரண்ட் எடுக்கறதுக்காக அணை கட்டி மூடி வெச்சிருப்பாங்க. ஜனங்க கூடினதும் டயத்துக்குத் திறந்து காட்டுவாங்க. இது பாவம், யாரும் பாக்காதப்பவும் கொட்டுது."

திரும்பும் வழியில் பின்லாந்து மிச்சப் புளியோதரையையும் முடித்தார்.

ஜனவரியில் ஒருநாள் குளியலறை முழுக்க வெந்நீர் ஆவி நிரப்பி உட்கார்ந்திருந்துவிட்டு, இடுப்பில் துண்டோடு பார்க்கிங் லாட் பனியில் போய்ப் படுத்தார். யாரோ போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். "அங்க ஆவில குளிச்சிட்டு நேரா ஏரில ஐஸை உடைச்சு இறங்குவோம். இங்க ஏரி வசதி பத்தாது," என்று அவர் போலீஸ்காரருக்கு விளக்கியதை நான்தான் சமாளிக்க வேண்டியிருந்தது. மைதிலி ரசம் கொடுத்தனுப்பினாள். "சூடா இருக்கு" என்றார். அது பாராட்டா இல்லையா என்று எங்கள் வீட்டில் ஒரு வாரம் சர்ச்சை நடந்தது.

பிறகு ஹூஸ்டனில் வேலை கிடைத்தது. கிளம்பும் அன்று மைதிலி விருந்தே சமைத்தாள். சாப்பிட்டார், கை கழுவினார், "வரேன்" என்றார், போய்விட்டார்.

"கல்லுக்குப் படைச்சிருந்தா கல்லே தலையாட்டியிருக்கும்," என்றாள் மைதிலி. அன்று அவள் சாப்பிடவில்லை.

அடுத்த வருஷம் ஒரு கல்யாணத்துக்காக நாங்கள் ஹூஸ்டன் போனோம். பந்தியில் பக்கத்தில் இருந்தவர் எந்த ஊர் என்று விசாரித்தார். வெஸ்ட் வின்ட்சர் என்றேன். அவர் முகம் கறுத்தது.

"எங்க அபார்ட்மென்ட்ல ஒருத்தர் இருக்கார் சார். நியூஜெர்சின்னுதான் பேரு வெச்சிருக்கோம். எதைச் சமைச்சுப் போட்டாலும், 'அங்க மைதிலின்னு ஒருத்தங்க வத்தக்குழம்பு வெப்பாங்க'ன்னு ஆரம்பிச்சுடுவார். ஃபால்ஸ்னா நயாகராதானாம், மூடவே மாட்டாங்களாம். அந்த மைதிலி மட்டும் கையில கிடைச்சா சும்மா விடமாட்டேன்னு என் ஒய்ஃப் சொல்லிட்டிருக்கா."

மைதிலி சாப்பிடுவதை நிறுத்தினாள். கண் நிறைந்திருந்தது.

"அவர் வீட்டுக்கு எப்படிப் போகணும்னு கேளுங்க," என்றாள் என்னிடம். "பெட்டியில சுண்டைக்காய் வத்தல் கொண்டு வந்திருக்கேன்."