கப்பி அண்ணாச்சியின் கொட்டகை

எங்கள் தெருச் சங்கத்தின் முன்னாள் தலைவர் பொய் சொல்கிறார். போன மாதம் மேடையேறி, "பேச்சியின் தையல் கொட்டகைக்கு அன்றைக்கே அனுமதி கொடுத்தவன் நான்" என்று மார்தட்டினார். கொடுத்தார்தான். எவ்வளவு உயரத்திலிருந்து கொடுத்தார் என்பதைச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

கப்பி அண்ணாச்சியைப் போல ஒரு பிடிவாதக்காரர் விக்கிரமசிங்கபுரத்தில் அதற்கு முன்னும் பிறந்ததில்லை, இனியும் பிறக்கப்போவதில்லை. நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிணற்றுக் கப்பி எங்கே கழன்று கிடந்தாலும் கேட்டு வாங்கி வந்துவிடுவார். காப்பித் தம்ளரைக்கூடக் கயிற்றில் கட்டி, அடுப்படியிலிருந்து வாசலுக்கு இழுத்துக் குடிப்பார். பாதி சிந்திவிடும். "பாதி வந்துட்டுல்லா" என்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் மகள் பேச்சி, புருஷன் விட்டுவிட்டுப் போனதால் வீடு திரும்பினாள். வீடென்றால் ஒரு அறையும் அடுப்படியும். அதில் ஏற்கெனவே நாலு பேர். அவள் கேட்டது ஒன்றுதான்.

"உள்ள இருந்து தாப்பா போடுத மாதிரி எனக்கொரு கதவு வேணும்ப்பா. சோத்த நானே சம்பாதிச்சிக்கிடுதேன்."

புறவாசலில் விறகுக் கொட்டகை இருந்தது. ஒரு கட்டில் போட்டால் நாம் வெளியே நிற்க வேண்டும். அதற்குள் மகளுக்குப் படுக்கை, தையல் கடை, சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் மூன்றையும் கொண்டுவருவதென்று அண்ணாச்சி கிளம்பினார்.

"ஏன் வே, அப்படியே பஸ் ஸ்டாண்டையும் சேத்துக்கிடும்" என்றேன்.

"எடம் கெடக்கு வே. அண்ணாந்து பாரும்" என்றார்.

கூரை முழுக்கக் கப்பி. கட்டில், பெஞ்சு, தையல் மிஷின் எல்லாம் கயிற்றில். வேண்டியது இறங்கும், மற்றது ஏறும். எப்போது எது என்பதை மில் சங்கு முடிவுசெய்யும். எங்கள் ஊரில் எவன் கடிகாரம் பார்த்தான்? காலைச் சங்குக்கு மிஷின், மதியச் சங்குக்குப் பெஞ்சு, ராத்திரிச் சங்குக்குக் கட்டில். சங்கு ஊதினால் அண்ணாச்சியின் கை தானாகக் கயிற்றுக்குப் போய்விடும். ஒருநாள் ஒரு பெண் அளவு கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மிஷின் மேலே போய்விட்டது. அவள் ஜாக்கெட் துணியும் கூடவே போனது.

இதைத்தான் தலைவரால் பொறுக்க முடியவில்லை. கதவு பொதுச் சந்தில் திறக்கிறதாம், கொட்டகையையே இடிக்க வேண்டுமாம். மில் லீவு நாளில், சாயங்காலம், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "இப்பமே இடிக்கணும்" என்றார்.

லீவு நாளாயிற்றே என்று மில்லில் சங்கை ரிப்பேர் பார்த்திருக்கிறார்கள். சரியாகிவிட்டதா என்று ஒரு ஊது ஊதினார்கள்.

அண்ணாச்சி இழுத்துவிட்டார். தலைவர் ஒல்லி. கப்பிகளுக்கு அவர் ஒரு பொருட்டே இல்லை. பெஞ்சோடு கூரைக்குப் போய்விட்டார். கயிற்றைக் கட்டப்போன நேரம் சுவரிலிருந்த கொக்கி பிடுங்கிக்கொண்டது.

"இறக்கும் வே! இறக்கும்!"

"அசையாதேயும். கொக்கி போயிட்டு. கயிறு என் கையிலதான் நிக்கி. பையத்தான் இறக்கணும்."

வாசலில் நின்ற பேச்சி தலைவரை அண்ணாந்து பார்த்து நிதானமாகக் கேட்டாள். "அண்ணாச்சி, இப்பமே இடிக்கணும்னீயளே. இடிக்கணும்னா அப்பா கயித்த விட்டுட்டுல்லா வரணும்?"

"இருக்கட்டும் தாயி! கொட்டகை இருக்கட்டும்!"

"கதவு?"

"அதுவும் இருந்துட்டுப் போட்டும்!"

தெருவே கேட்டது. அதற்குப் பிறகு அவரால் வார்த்தையை மாற்ற முடியவில்லை. இவர் கொடுத்த அனுமதி இதுதான்.

தலைவரே, உம்மைத் தரையில் இறக்கிவிட்டு வெளியே வந்த அண்ணாச்சியின் உள்ளங்கைகளை நான் பார்த்தேன். தோல் இல்லை. ஒரு வாரம் கரண்டியால்தான் சோறு தின்றார், அந்தக் கரண்டிக்கும் ஒரு கப்பி போடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டபடி. "கீழ மண்தரைதானே, விட்டிருக்கலாமே" என்றேன். "வயசான மனுசன் வே" என்றார். உம்மைவிட அவர் மூத்தவர்.

இப்போது அவர் இல்லை. அதனால் நீர்தான் பதில் சொல்ல வேண்டும். அடுத்த கூட்டத்தில் அதே மேடையில் ஏறி, அதே மைக்கில், பேச்சியை முன்வரிசையில் உட்காரவைத்துச் சொல்லும்: தன் மகளைத் தெருவில் நிறுத்த வந்த ஆளை, அந்த மனிதர் ஏன் கீழே போடவில்லை?