ஈ.சி.ஜி.யில் ஓடிய ஜபம்

சாமி கும்பிட்டதால் யாருக்காவது கெடுதல் வந்திருக்குமா? வந்திருக்கிறது. கும்பிட்டவன் நான், பட்டவள் என் மனைவி தனம்.

விழுப்புரத்தில் எனக்குக் கண்புரை ஆபரேஷன். அதற்கு முன்னால் ஒரு ஈ.சி.ஜி. வேண்டுமென்றார்கள். எங்கள் ஊர் திண்டிவனம், அதனால் உள்ளூர் லேபுக்கே போனோம். அங்கிருந்த பெண் என் நெஞ்சிலும் கைகால்களிலும் ஒயர் மாட்டிப் போர்வையால் மூடினாள். (கசாப்புக் கடை ஆட்டுக்குக்கூட என்னைவிடத் தைரியம் இருந்திருக்கும்.) பயம் வந்தால் எனக்கு ஒரே மருந்துதான்: கட்டைவிரலால் விரல் கணுக்களை எண்ணி நூற்றெட்டு ‘முருகா.’ போர்வைக்குள் ஆரம்பித்துவிட்டேன்.

“ஐயா, கையை ஆட்டிக்கினு இருக்கீங்களா?”

“இல்லம்மா.” (ஆடியது விரல்தானே, கை இல்லையே! எனக்கு நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன்.)

பாவம், அவள் ஃபேனை நிறுத்தினாள், ஒயர்களை மாற்றினாள். “இதயத்துல வர்ற கரண்டு ரொம்பச் சின்னதுங்க. வேற எது கலந்தாலும் மூழ்கிடும்” என்றாள். காகிதத்தில் அப்போதும் கருவேல முள்ளாகக் கிறுக்கல்.

திரையை விலக்கி எட்டிப்பார்த்த தனம் அதைக் கண்டுவிட்டாள். “ஐயோ, இன்னாம்மா கோடு இப்பிடிப் போவுது?” பதில் வருவதற்குள் இரண்டு கையையும் தலைமேல் குவித்தாள். “மயிலம் முருகா, இவரை விட்டுடு! என் முடியை மொத்தமா குடுத்துடறேன்!”

இடுப்பைத் தொடும் முடி. அடுத்த மாதம் எங்கள் மகளுக்குக் கல்யாணம். அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? நிஜமாகவே சாகப்போகிறேன் என்று நம்பி இன்னும் வேகமாக எண்ணினேன். கிறுக்கல் இரண்டு மடங்கானது.

அந்தப் பெண் போர்வையைத் தூக்கினாள். “அய்யே, இன்னாங்கய்யா விரலு இந்த ஓட்டம் ஓடுது? சதை ஆடுனா அதுலயும் கரண்டு வரும்ங்க. உங்க இதயத்தை உங்க விரலே மறைச்சிக்கினு இருந்திருக்குது!” என் விரல்களைப் பிரித்து வைத்தாள். கோடு கோயில் கோலம்போல அழகாக வந்தது. இதயத்தில் ஒரு குறையும் இல்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

“தனம், உனக்குப் பதிலா நான் மொட்டை போட்டுக்கறேன்” என்று கெஞ்சினேன்.

“உங்க தலையில குடுக்க இன்னா இருக்குது? சாமிகிட்ட சொன்னது சொன்னதுதாங்க.”

கல்யாண ஆல்பத்தில் அவள் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு சிரிக்கிறாள். பக்கத்தில் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

முடி வளர்ந்துவிட்டது. ஆனாலும் நான் பூஜைக்கு உட்கார்ந்தால், ஊருக்கு வந்திருக்கும் மகள் வாசற்படியில் நின்று கேட்பாள்: “அப்பா, கையை ஆட்டிக்கினு இருக்கியா?”

“ஆமாம்மா” என்று இப்போதெல்லாம் உடனே சொல்லிவிடுகிறேன்.