உட்கார்ந்தபடி எரித்த கலோரி

உள்ளே யாருக்கோ பல்லைக் குடைய ஆரம்பித்துவிட்டார்கள். நான் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வாட்சைப் பார்த்தேன். துடிப்பு நூற்றிருபதைத் தாண்டியிருந்தது. கலோரி மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது.

பல் டாக்டரின் வெளி அறையில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவியைப் பொறுத்தவரை, அந்த நேரத்தில் நான் பூங்காவைச் சுற்றி விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தேன்.

வாட்ச் அவள் வாங்கியது. இதயத் துடிப்பை எண்ணி, எத்தனை கலோரி எரிந்தது என்று அதுவே சொல்லிவிடும். அதை வைத்து ஒரு சட்டமும் போட்டாள். முந்நூறு எரித்தால் சாயங்காலம் ஒரு துண்டு கேக். இல்லாவிட்டால் அலமாரி திறக்காது.

இரண்டு நாள் நடந்தேன். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடம் இது. மிஷின் சத்தம் காதில் விழுந்ததும் என் நெஞ்சு அடித்த அடியில், நான் ஓடுகிறேன் என்று வாட்ச் நினைத்துக்கொண்டது. அதைச் சொல்லிக் குற்றமில்லை. பயந்து அடிக்கும் நெஞ்சும் ஓடி அடிக்கும் நெஞ்சும் அதற்கு ஒன்றுதான். மறுநாள் மழையில்லை. ஆனாலும் வந்து ஒதுங்கினேன்.

பயத்தில் கலப்படம் கிடையாது. வலது பக்கக் கடைவாய்ப் பல் ஒரு வருடமாகத் தொல்லை. டாக்டரிடம் போங்கள் என்று அவளும் ஒரு வருடமாகச் சொல்கிறாள். நான் இடது பக்கமாகவே மென்று சமாளித்து வந்தேன்.

"சார், உங்க சொந்தக்காரர் இன்னைக்காவது வருவாரா?" என்றாள் சீட்டு கொடுக்கும் பெண். ஒரு சொந்தக்காரருக்குத் துணையாக வந்திருப்பதாக முதல் நாளே அவளிடம் சொல்லி, நம்பர் கேட்டதற்கு வாயில் வந்த வீட்டு நம்பரையும் கொடுத்து வைத்திருந்தேன்.

"கிளம்பிட்டாராம்."

"போன வாரமும் கிளம்பிட்டார்னீங்க."

"கொஞ்சம் பயந்த சுபாவம்மா."

இதிலேயே சில கலோரி போயிருக்கும். மிச்சம் வீட்டில் போகும். முந்தின நாள்கூட அப்படித்தான்.

"நடந்தீங்களா?" என்றாள் மனைவி.

"நீயே பாரு." கையை நீட்டினேன்.

"அடேயப்பா! வேர்வையே காணோமே?"

"நல்ல காத்து."

"மூச்சும் வாங்கலை."

"பழகிடுச்சு."

"செருப்புல ஒரு தூசி இல்லை."

"பாத்துப் பாத்து நடந்தேன்."

அவள் அலமாரியைத் திறந்தாள். கேக்கை வெட்டினாள். துண்டு வழக்கத்தைவிடப் பெரிது. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை இவ்வளவு சுலபமாக நம்பியதில்லை.

உள்ளே சத்தம் நின்றது. துடிப்பு இறங்கியது. அடுத்த ஆள் உள்ளே போனால் ஏறிவிடும் என்று காத்திருந்தேன். வாசல் கதவு திறந்தது.

என் மனைவி.

"வந்துட்டாங்க சார் உங்க சொந்தக்காரர்," என்றாள் சீட்டுப் பெண்.

எழுந்து நின்றேன். வாட்ச் கையில் அதிர்ந்தது. முந்நூறு.

"இல்லம்மா, நடந்துட்டே வந்தேனா, கால் வலிச்சுது, சும்மா..."

"உக்காருங்க. நீங்க நடக்கிற அடியும் என் போன்ல வருது. மூணு வாரமா பாக்கறேன். நெஞ்சு தலைதெறிக்க ஓடுது, கால் அசையவே இல்லை. முதல்ல மாரடைப்புன்னு பயந்துட்டேன். அப்புறம் இந்தப் பொண்ணுதான் போன் பண்ணுச்சு."

"தெரிஞ்சுமா கேக் குடுத்தே?"

"ஒரு வருஷமா கெஞ்சினேன். இந்தத் தெருப்பக்கமே வரமாட்டேன்னீங்க. இப்ப நீங்களே தினம் வந்து உக்காரறீங்க. நான் எதுக்குங்க கெடுக்கணும்? கொஞ்ச நாள் சத்தம் பழகட்டும்னு டாக்டரும் சொன்னார்."

உள்ளேயிருந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். "வாங்க சார். உங்க முகம் நல்லாப் பழகிடுச்சு."

"இன்னைக்கே வேணுமா டாக்டர்? எனக்கு இப்ப துடிப்பு கொஞ்சம் அதிகமா..."

"நல்லதுதானேங்க," என்றாள் அவள். "எரியட்டும்."

அதன் பிறகு வாட்சை நான் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்தால்தானே.

வீட்டுக்கு வந்தபோது பாதி வாய் என்னுடையதாக இல்லை. கடைவாயில் பல் இருந்த இடத்தில் பஞ்சு. அவள் என் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அறுநூறு. ரெண்டு துண்டுக்கு உரிமை இருக்கு."

இரண்டு துண்டுகளையும் வெட்டி என் முன்னால் வைத்தாள். நான் ஏதோ சொன்னேன். எனக்கே புரியவில்லை.

"ஆமா, இனிப்பு கூடாதுன்னாரில்ல," என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நின்றபடியே சாப்பிட்டு முடித்தாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். மீதிக் கேக்கை அலமாரியில் வைத்தாள். பூட்டாமல், சாவியை மேஜை மேல் போட்டுவிட்டுப் போனாள்.