மைனா பேசவில்லை

மைனா வாயே திறக்கவில்லை. கணக்கர் கட்டளையை மறுபடியும் தட்டிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

மைனா என்பது நேற்று அவர் வாங்கி வந்த பழைய லேப்டாப். யாரோ அடித்துத் துவைத்தது. கீபோர்டில் பாதி எழுத்து வேலை செய்யாது. அதனால்தான் அந்த விலைக்குக் கிடைத்தது. அவருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸைப் போட்டு, மைனா என்று பேர் வைத்தாயிற்று. இனி மேசையில் இருக்கும் தன் கிழட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே வைஃபை வழியாக அதை ஆட்டி வைக்கலாம். ஒரு கறுப்புத் திரை, நாலு கட்டளை. இதற்கு மேல் மனிதனுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற ஆள் அவர்.

மனைவி அப்படிக் கேட்கிற ஆள் இல்லை. "சாயங்காலத்துக்குள்ள அது ஒழுங்கா வேலை செய்யலைன்னா கடையில திருப்பிக் குடுத்துட்டு, ஊர்ல எல்லாரும் வாங்கற மாதிரி புதுசு ஒண்ணு வாங்கிடுவேன். அந்தக் கறுப்புத் திரையோட இன்னும் எத்தனை நாள்தான் மாரடிப்பீங்க?" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள்.

அது அவரைச் சுட்டது. அவளே அந்தக் கறுப்புத் திரையிலிருந்து வந்தவள்தானே.

அப்போது இருவருக்கும் ஒரே அலுவலகம். அவள் மாடியில் மெஷின் ரூம் ஆபரேட்டர். அவர் கீழே பில் அடிக்கிறவர். ஒருநாள் ஸ்டோரில் இருந்த நண்பனுக்கு, "பேப்பர் தீந்துடுச்சு, எடுத்துட்டு வாடா" என்று ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்து அனுப்பினார். டெர்மினல் நம்பரை மாற்றிப் போட்டதில் அது அவள் திரையில் போய் விழுந்தது. சற்று நேரத்தில் பேப்பர் கட்டோடு ஒரு பெண் வந்து நின்றாள். "யாருங்க என்னை வாடான்னு கூப்பிட்டது?"

அந்த முகத்தை நினைத்தால் இன்றும் அவருக்குச் சிரிப்பும் கூச்சமும் சேர்ந்து வரும். அதற்கப்புறம் அவள் திரையில் அவர் வரியும், அவர் திரையில் அவள் வரியும் வேலைக்கு நடுவே விழுந்துகொண்டே இருந்தன. கல்யாணம் ஆயிற்று. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எழுதி அனுப்ப என்ன இருக்கிறது? அவள் வேலையையும் விட்டாள். கட்டளையெல்லாம் அவளுக்கு மறந்தே போயிருக்கும் என்று அவர் நினைப்பு.

காலையில் குளித்துவிட்டு வந்து மைனாவுக்குள் நுழையும்போதே, 'எதிர்முனையில் இருப்பது வேறு ஆளாக இருக்கலாம்' என்று திரை எச்சரித்தது. இதற்கு எதற்கெடுத்தாலும் சந்தேகம் என்று தாண்டிப் போய்விட்டார். வீட்டில் மனைவியின் லேப்டாப் உட்பட எல்லாவற்றிலும் அவர் போட்ட லினக்ஸ்தான், பாஸ்வேர்டும் கல்யாண நாள்தான். உள்ளே விட்டது.

இப்போது ஸ்பீக்கர் தகராறு. எழுதியதை வாசித்துக் காட்டும் கருவி ஒன்று உண்டு. அதில் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று அடித்தார். பக்கத்தில் இருந்த மைனா கல்லாகக் கிடந்தது.

அடுத்த அறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "என்னங்க, தங்கச்சியோட பேசிட்டிருக்கேன். அந்த ரேடியோவக் கொஞ்சம் நிறுத்துங்க."

"நம்ம வீட்டுல ஏது ரேடியோ? பக்கத்து வீடா இருக்கும்."

ஒலியை உச்சத்துக்கு ஏற்றினார். "சனியனே, வாயைத் திறந்து தொலை" என்று அடித்தார். மைனா அசையவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோதான் எதையோ கத்தியது.

"என்னங்க, தங்கச்சி பயந்தே போயிட்டா."

"கதவைச் சாத்திக்கோ."

"சாத்திட்டுத்தான் உக்காந்திருக்கேன்."

சரி, ஒரேயடியாக அணைத்துப் போட்டுவிடலாம் என்று ரீஸ்டார்ட் கட்டளையைக் கொடுத்தார். மைனாவின் விளக்கு கண் சிமிட்டாமல் எரிந்தது.

"என்னங்க, என் லேப்டாப் தானா அணைஞ்சு திரும்ப எரியுது."

"வைஃபை கோளாறா இருக்கும்," என்றார், வாய்க்கு வந்ததை.

ஜன்னலில் வெயில் சாய்ந்துவிட்டது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். நாளைக்குப் பளபளவென்று ஒன்று வந்து உட்காரும். அந்த வீட்டில் கறுப்புத் திரைக்கு இனி இடம் இல்லை. கடைசியாக ஒருமுறை மைனாவுக்குள் நுழைந்து, பழைய அலுவலகத்தில் செய்ததுபோல எதிர்த் திரைக்கு ஒரு வரி அனுப்பினார்: "உயிரோட இருக்கியாடா?"

மைனாவின் திரையில் ஒன்றும் வரவில்லை. அவர் திரையில் பதில் வந்தது.

"இருக்கேன்டா."

கணக்கர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து அடுத்த அறைக்கு ஓடினார். மனைவியின் லேப்டாப்பில் ஒரு மூலையில் மச்சினியின் முகம். மற்ற இடமெல்லாம் கறுப்புத் திரை. அதில் அவர் அனுப்பிய அதே வரி, அதன் கீழே அவள் பதில்.

"ரெண்டு மெஷினுக்கும் ஒரே பேரை வச்சுத் தொலைச்சிருக்கேன் போல," என்றார் தலையைச் சொறிந்தபடி. "எல்லாம் உன்னோடதுக்கே வந்திருக்கு. எனக்கு வயசாயிடுச்சு. நாளைக்கே நீ சொன்ன மாதிரி புதுசு வாங்கிடலாம்."

மனைவி நிமிரவே இல்லை. கீபோர்டில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மூலையிலிருந்து மச்சினிதான் பேசினாள்.

"நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல அத்தான். காலையில நீங்க குளிக்கப் போனப்போ அக்காதான் தன்னோடதுக்கு மைனான்னு பேரை மாத்தி வச்சா. பழையபடி ஒரு வரியாவது தப்பி வருதான்னு பாக்கறேன்னு அப்பலேருந்து உக்காந்திருக்கா."