எதிர் வீடு வரை போன புடவை

2025 மே 28, புதன்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். பால் காய்ச்சினேன். காபியைக் குடித்துக்கொண்டே முந்தைய நாள் டைரியைப் படித்து, இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். (உன் டைரியில் யார் பிழை பார்க்கப்போகிறார்கள் என்று கேட்பவர் ஒருவர் உண்டு. அவரைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.)

அன்று தாம்பரத்தில் என் அண்ணன் மகன் தினேஷுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணுக்கு நாங்கள் வைத்துக்கொடுக்க வேண்டிய புடவை என் பொறுப்பு. அண்ணன் குடும்பம் குரோம்பேட்டையில் இருக்கிறது. நான் சின்ன காஞ்சிபுரத்தில். பிள்ளையார்பாளையத்தில் சொல்லி வைத்து நெய்து வாங்கிய மாம்பழ நிறப் பட்டு, அரக்கு பார்டர். “உமா கையில குடுத்தாச்சுன்னா எனக்குக் கவலையே இல்லை. அவ எதையும் மறக்க மாட்டா” என்று அண்ணி சம்பந்தி வீட்டில் வேறு பெருமையடித்திருந்தாள். அதை நான் மறுக்கவில்லை. உண்மையை எதற்கு மறுக்க வேண்டும்?

சிக்கல், எதில் போவது என்பதில்தான். எங்கள் ஊரிலிருந்து தாம்பரத்துக்குப் புதிதாக ஒரு பாசஞ்சர் ரயில் விட்டிருந்தார்கள். விட்ட நாளிலிருந்து நான் அதற்குச் சம்பளம் வாங்காத விளம்பர அதிகாரி. என் கணவருக்கோ காரை விட்டால் கதியில்லை. பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோல் தினமும் அதற்குக் கண்ணாடி துடைப்பார்.

“இங்கேருந்து தாம்பரம் போறதுக்கு யாராவது செங்கல்பட்டு போவாங்களா? தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற ரயில் அது” என்றார்.

“ஒரகடத்துல கன்டெய்னர் லாரிக்குப் பின்னாடி நின்னுக்கினு மூக்கைப் பிடிச்சிக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்” என்றேன்.

ஆக, நான் ரயிலில், அவர் காரில் என்று முடிவாயிற்று. யார் முதலில் மண்டபத்தில் நிற்கிறார்கள் என்று பார்த்துவிடுவது. (எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருடம். வேறு பொழுதுபோக்கு இல்லை.)

அப்போதுதான் அவர் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். “புதன்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது எமகண்டம். உன் ரயில் ஏழே முக்காலுக்கு. பேஷ்! நான் ஒன்பதுக்கு மேல கிளம்பிக்கிறேன். கார் நம்ம பேச்சைக் கேக்கும்.”

எமகண்டத்தில் புது மணப்பெண்ணின் புடவை வாசல் தாண்டலாமா? கூடாது. ஆனால் நம் முன்னோர்கள் என்னைப் போன்றவர்களை நினைத்துத்தான் பரஸ்தானம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். கிளம்பும் நேரம் சரியில்லை என்றால், நல்ல நேரத்திலேயே மூட்டையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம். எமனையே ஏமாற்றும் ஏற்பாடு.

ஏழு மணிக்குப் புடவைப் பையை எதிர் வீட்டு பத்மாவிடம் கொண்டுபோய், சாமி அலமாரிக்குக் கீழே வைத்தேன். “நானே வந்து எடுக்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது பத்மா. யார் கேட்டாலும் குடுக்காதே.”

“நான் ஏங்க்கா தொடப் போறேன்? நீயாச்சு, சாமியாச்சு” என்றாள்.

ஆட்டோ வந்தது. நான் ஏறுகிற நேரம் பார்த்து அவர் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “ரயில் ராணி கிளம்பியாச்சா? செங்கல்பட்டைச் சுத்திப் பாத்துட்டு சாயந்திரமாச்சும் வந்துடுவியா?”

இதற்குப் பதில் சொல்லாமல் போனால் நான் உமா இல்லை. “நீங்க லாரிக்கு வழி விட்டுட்டு மெதுவா பந்திக்கு வாங்க” என்றேன். கடைசி வார்த்தை என்னுடையதாக இருக்க வேண்டும் அல்லவா? அவர் அடுத்ததற்கு வாய் திறப்பதற்குள் “போப்பா, போப்பா!” என்று ஆட்டோக்காரரை விரட்டினேன். எதிர் வீட்டைக் கம்பீரமாகக் கடந்து போனேன்.

ரயிலைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. ஜன்னல் ஓரம் இடம். பாலாற்றுக் காற்று. குடும்ப வாட்ஸப் குழுவில் கொளவாய் ஏரியின் படத்தைப் போட்டு, ‘நிம்மதியான பயணம். பெட்ரோல் செலவு இல்லை. சிலருக்குப் புரியாது’ என்று எழுதினேன். தாம்பரத்தில் நேரத்துக்கு இறங்கினேன். மண்டபத்தில் என் கணவரின் நிழல்கூட இல்லை. நான் ஜெயித்துவிட்டேன்.

அண்ணி ஓடி வந்து கையைப் பிடித்தாள். “வா உமா. புடவை எங்கே?”

என் தோளில் கைப்பை இருந்தது. கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. சாஸ்திரப்படி ஏழு மணிக்கே பயணம் கிளம்பிய புடவை, எதிர் வீட்டோடு பயணத்தை முடித்துக்கொண்டிருந்தது.

“பின்னாடி வருது அண்ணி” என்றேன்.

பத்மாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அப்போதே கணவரைக் கூப்பிட்டிருந்தால் அவர் வாலாஜாபாத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். ஆனால் கூப்பிட்டு என்னவென்று சொல்வது? மறுபடி பத்மா. மறுபடி. பத்தரைக்கு நல்ல நேரம் தொடங்கி, மேளமும் தொடங்கியபோதுதான் மானத்தை விழுங்கி அவரைக் கூப்பிட்டேன். ஒரகடம் தாண்டியிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “சரி, திரும்புறேன்” என்று மட்டும் சொன்னார்.

ஒரு மணி நேரம் கழித்து பத்மாவே அழைத்தாள். “போன சார்ஜ்ல போட்டுட்டுக் கடைக்குப் போயிட்டேங்க்கா. இங்க மாமா வந்து பையக் கேக்குறாரு. நீ யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னியா, நானும் குடுக்கல. திட்டிக்கினு நிக்கிறாரு. குடுக்கட்டுமா?”

“குடுத்துத் தொலைடி!” என்று நான் கத்தியதில் நாயனக்காரர் ஒரு சுருதி தவறினார்.

பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். பெண்ணின் அம்மா மிக மென்மையாகச் சொன்னார்: “காஞ்சிபுரத்துலேருந்து வரவங்களாச்சே, எங்கே புடவைக்கு மேல புடவையா வந்துடுமோன்னுதான் நாங்க பயந்துக்கினு இருந்தோம்.” பெண்ணின் மாமா ஸ்கூட்டரில் பறந்து, பக்கத்துக் கடையிலிருந்து ஒரு புடவையோடு வந்தார். பெட்டியின் மேல் ‘அசல் காஞ்சிபுரம் பட்டு’ என்று தங்க எழுத்து. தொட்டதுமே தெரிந்தது: பட்டுப்புழு அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த நான், அதைத் தட்டில் ஏந்தி, சபை நடுவே சிரித்தபடி கொடுத்தேன். அந்தப் பெண் மட்டும் மெதுவாக, “கலர் நல்லா இருக்கு அத்தை” என்றாள். (நல்ல பெண். இவளைத் தினேஷ் எப்படிப் பிடித்தான் என்பது தனி அதிசயம்.)

பாயசம் பரிமாறும்போது என் கணவர் வந்து பக்கத்து இலையில் உட்கார்ந்தார். ராகு காலம் என்பதால் பையைப் பிரிக்கக் கூடாது என்றாள் அண்ணி. அதை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார்.

“ரயில் நேரத்துக்கு வந்துதா?” என்று கேட்டார்.

“வந்தது.”

“அதான் வேணும்” என்று அப்பளத்தை நொறுக்கினார்.

காரைவிட ரயில் மேலா என்று இன்றும் யார் கேட்டாலும் மேல் என்றுதான் சொல்வேன். ஆனால் எங்கள் வீட்டில் இப்போது யாரும் எதையும் மறப்பதில்லை, பரஸ்தானம் வைக்கிறார்கள். மூக்குக் கண்ணாடியைக் காணோமா? பரஸ்தானத்தில் இருக்கிறது. சாம்பாரில் உப்பில்லையா? அதுவும் எதிர் வீட்டில் இருக்கிறது. தினேஷ் எனக்கு அனுப்பும் செய்தியெல்லாம் ‘பின்னாடி வருது அத்தை’ என்றே முடிகிறது.

மறுநாள் காலை, வாசல் தெளிப்பதற்கும் முன்னால், நிச்சயதார்த்தத் தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டு பத்மா வீட்டுக்குப் போனேன். அதை வாங்கி அவள் வைக்கப்போன சாமி அலமாரிக்குக் கீழே, என் புடவை இருந்த அதே இடத்தில், எங்கள் கார் சாவி பளபளத்துக்கொண்டிருந்தது.

“ஆவணி மாசம் தினேஷ் கல்யாணத்துக்கு இப்பவே பரஸ்தானமாம்க்கா. நேத்து ராத்திரியே மாமா வச்சிட்டுப் போயிட்டாரு” என்றாள்.

நான் குனிந்து கையை நீட்டினேன்.

“தொடாதக்கா! அவரே வந்து எடுக்கிற வரைக்கும் யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. முக்கியமா உனக்கு.”