ரேகைக்கு ஓய்வு

பிழைக்கப் போன வெளிநாட்டு நகரத்தில் இருக்கிற லிஃப்டுகளை எல்லாம் நிற்காமல் ஓட வைக்கிற மெக்கானிக்குக்கு, அன்று சாயங்காலம் தன் வீட்டு லிஃப்ட் மட்டும் நடுவழியில் நின்று தொலைக்கக்கூடாதா என்றிருந்தது. கொஞ்ச நேரம் உள்ளே மாட்டிக்கொண்டால் சொல்வதற்கு ஒரு நல்ல பொய்யாவது தேறும். பாழாய்ப்போன லிஃப்ட், அவர் கையால் சர்வீஸ் ஆனது, வழுக்கிக்கொண்டு மேலே போய் அவர் வீட்டு மாடியில் சரியாக நின்றது.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் சொந்த ஊரில் தங்கைக்குக் கல்யாணம். அப்பா இல்லாத வீடு, ஒரே அண்ணன். முன்னால் நின்று நடத்த வேண்டியவர் இவர். பாஸ்போர்ட்டோ காலாவதியாகிற கட்டத்தில் இருக்கிறது. புதுப்பிக்காமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். புதுப்பிக்கிற ஆபீஸில் நேரம் வாங்குவது சாமானிய வேலை இல்லை. மனைவி நாள் கணக்கில் முட்டி மோதி இன்றைக்குக் காலையில் ஒரு நேரம் பிடித்து வைத்திருந்தாள். இவரும் லீவு போட்டு, முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு ஜம்மென்று கிளம்பத்தான் செய்தார்.

போகிற வழியில் வெல்டர் நண்பனின் வீடு. உள்ளே டிவியில் மேட்ச். 'ஒரே ஒரு ஓவர்' என்று சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தவர், மேட்ச் முடிந்து எழுந்தபோது ஆபீஸ் கதவைச் சாத்தியிருந்தார்கள். சத்தத்தை அணைத்து வைத்திருந்த போனில் மனைவி கூப்பிட்ட அடையாளங்கள் வரிசையாக நின்றன.

வீட்டில் மனைவி கதவைத் திறந்தாள். மருந்துக்கடை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள் போல, கைப்பையைக்கூட இறக்கவில்லை.

"என்னங்க, ஆச்சா?"

"எங்க ஆச்சு!" என்றார். மேற்கொண்டு என்ன சொல்லப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது. நாக்கு தானாகப் புரண்டது. "ரேகை விழலையாம்."

"என்ன விழல?"

"விரல் ரேகை. மெஷின்ல வச்சு வச்சுப் பார்த்தாங்க. ம்ஹூம். கம்பியும் கிரீஸும் பிடிச்சுப் பிடிச்சுத் தேஞ்சு போச்சாம். விரலுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுத்துட்டு வாங்கன்னுட்டாங்க."

இந்தப் பொய் அவருடைய சொந்தச் சரக்குகூட இல்லை. போன வருஷம் வேலை அட்டை எடுக்கப் போன அதே வெல்டருக்கு நடந்த கதை.

மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து, மார்க்கெட்டில் கத்தரிக்காய் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் வேற போன் மேல போன் போட்டேன்."

"உள்ள போனை எடுக்க விட மாட்டாங்கம்மா."

"அதானே பார்த்தேன்," என்றாள். "அடப் பாவமே, விரலு இப்படித் தேஞ்சு போற வரைக்கும் நான் கவனிக்காம இருந்திருக்கேனே. இனிமே நீங்க ஒரு துரும்பைத் தொடக்கூடாது. பாத்திரமெல்லாம் நானே தேய்ச்சுக்கறேன்."

அந்த வீட்டில் அவள் சமையல், அவர் பாத்திரம் என்பது கல்யாணமான நாளிலிருந்து இருக்கிற ஏற்பாடு. மெக்கானிக்கின் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அட, ஒரு பொய்க்கு இவ்வளவு பலனா! தெரிந்திருந்தால் எப்போதோ சொல்லியிருக்கலாமே.

"போனையும் குடுங்க," என்று அவளே அவர் பையிலிருந்து எடுத்துக்கொண்டாள். "திரையைத் தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் பாதி ரேகை போகுது. புது நேரம் நானே கேட்டு வாங்கறேன்."

சனியன் அதற்குப் பிறகுதான் வந்து உட்கார்ந்தது. அது மச்சான் ரூபத்தில் வந்தது.

மனைவியின் அண்ணன் எதிர்க் கட்டடத்தில் இருக்கிறார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். உலகத்தில் அவருக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது, குணமான நோயாளியும் கிடையாது. தன் தங்கை கூப்பிட்ட சூட்டோடு, கையில் ஒரு ஸ்டாம்ப் பேடும் வெள்ளைத் தாளுமாக வந்து நின்றார்.

"மாப்ளே, கையைக் குடு. எவ்வளவு தூரம் தேஞ்சிருக்குன்னு முதல்ல பார்க்கணும்."

"எதுக்கு மச்சான், அவங்கதான் மெஷின்ல பார்த்துட்டாங்களே..."

"மெஷினை எல்லாம் நான் நம்ப மாட்டேன்."

பெருவிரலை மையில் அமுக்கித் தாளில் உருட்டி எடுத்தார். பளிச்சென்று விழுந்தது ரேகை. சுழி சுழியாக, கோடு கோடாக, அச்சடித்த மாதிரி.

"அடேங்கப்பா!" என்றார் மச்சான். "இதுக்கு என்ன குறைச்சல்? இதுவா விழலைன்னாங்க? எந்த அறிவுகெட்டவன் சொன்னான்? நாளைக்குக் காலையில பஸ்ஸை விட்டுட்டு நேரா அங்க போறேன். மேனேஜரைக் கூப்பிடச் சொல்லி நாலு வார்த்தை கேட்டுட்டுத்தான் வருவேன்!"

மெக்கானிக் அவசரமாகக் கையை இழுத்துக்கொண்டார். போனால் தீர்ந்தது கதை. 'உங்க மாப்பிள்ளை இந்தப் பக்கமே வரலையே' என்று சொல்லி அனுப்புவார்கள்.

"மச்சான், மச்சான், இருங்க. அது கையில அழுக்கு. அழுக்கு இருந்தா அப்படித்தான் ரேகை மாதிரி தெரியும். கழுவிட்டு வர்றேன்."

குளியலறைக்குப் போகிற வழியில் அவருடைய கருவிப் பை இருந்தது. அதிலிருந்து உப்புத்தாள் ஒன்றை உருவிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். குழாயைத் திறந்துவிட்டு, பத்து விரலையும் சரக் சரக்கென்று தேய்த்தார். எரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. இருந்தாலும் விடவில்லை மனிதர்.

"என்னங்க, உள்ள ஏதோ சத்தம் கேக்குது?" என்றாள் மனைவி.

"தேய்ச்சுக் கழுவறேம்மா!"

இந்தத் தடவை தாளில் கறுப்பாக வெறும் மைத் தீற்றல்தான் விழுந்தது. கோடுமில்லை, சுழியுமில்லை.

மச்சான் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "சுத்தமாப் போயிருச்சே மாப்ளே!"

"அண்ணா, இது நாம நினைச்சதைவிடப் பெரிய வியாதி," என்றாள் மனைவி. "பெரிய வைத்தியம்தான் பார்க்கணும்."

பெரிய வைத்தியம் மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. கை இரண்டையும் எண்ணெயில் ஊறவைத்து, மருந்துக்கடையிலிருந்து வாங்கி வந்த பஞ்சு உறையை மாட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் உறையை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டுவிட்டாள். சட்டைப் பொத்தானை அவள்தான் போட வேண்டும். மூக்கு அரித்தால் கதவு நிலையில் உரசிக்கொள்ள வேண்டும்.

சாப்பாடும் அவள் கையால்தான் ஊட்டினாள். முதல் வாய் வாங்கும்போது புதுமாப்பிள்ளை மாதிரி கூச்சமாக, கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இரண்டாவது வாயில்தான் அது பாகற்காய் என்பது உறைத்தது.

"இதென்னம்மா, வெறும் பாகற்காயா?"

"தோலுக்கு நல்லதாம், அண்ணன் சொன்னாரு. ஆ காட்டுங்க."

மூன்று வேளையும் ஆ காட்டினார்.

வேலைக்குப் போனாலாவது கொஞ்சம் மூச்சு விடலாம் என்று பார்த்தால், அவருக்கு முன்னாலேயே அவருடைய ஃபோர்மேனுக்குப் போன் போயிருந்தது. ஃபோர்மேன் நல்ல மனிதர். அந்தக் காலத்தில் தானும் பாஸ்போர்ட்டுக்கு அலைந்தவர்.

"உன் வீட்டம்மா எல்லாம் சொன்னாங்கப்பா. தங்கச்சி கல்யாணம் முக்கியம். கையால ஒரு வேலையும் செய்யாத. வாயால செய்யற வேலை ஒண்ணு இருக்கு."

வாயால் செய்கிற வேலை என்பது, பழுதாகிக் கிடக்கிற ஒரு பெரிய குடியிருப்பில் லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர்களிடம் எல்லாம் 'படியில போங்க' என்று சொல்வது. காய்கறிப் பையோடு வந்தவர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், முட்டிவலிக்காரர்கள் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் அவரைத் திட்டிவிட்டுப் படியேறினார்கள். ஒரு பெரியம்மா ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று, மேலே இருந்தபடியே திட்டினார்.

"என்னய்யா கையில?" என்று ஒருவர் கேட்டார்.

"ஓய்வு குடுத்திருக்கேங்க."

"உனக்கு ஓய்வு, எனக்கு ஒன்பது மாடியா!"

திட்டு வாங்கிக் களைத்து வீட்டுக்கு வந்தால், அன்றைக்குத்தான் ஃபைனல் மேட்ச். ரிமோட் மச்சான் கையில். மச்சான் சோபாவில் சம்மணம் போட்டு, மீன் பிடிப்பது எப்படி என்று ஏதோ நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், கொஞ்சம் அந்த மேட்ச்..."

"ஐயையோ, வேண்டவே வேண்டாம்," என்று அடுக்களையிலிருந்து மனைவி ஓடி வந்தாள். "மேட்ச் பார்த்தா கை தட்டுவீங்க. தட்டினா ரேகை என்னத்துக்கு ஆகும்? ஒரு மேட்ச்சுல என்னங்க இருக்கு? நீங்க என்ன மேட்ச்சுக்காக முக்கியமான காரியத்தை விடற ஆளா?"

மெக்கானிக் எதிர்வீட்டில் எழுந்த ஆரவாரத்தை வைத்து யார் ஜெயித்திருப்பார்கள் என்று யூகித்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஊரிலிருந்து அவர் தங்கை போனில் கூப்பிட்டாள். மனைவிதான் போனை அவர் காதில் பிடித்தாள்.

"அண்ணே, அண்ணி சொன்னாங்க. விரலு ரொம்ப வலிக்குதா?"

"இல்லடா..."

"எனக்காக இப்படி ராப்பகலா உழைச்சு ரேகையே தேஞ்சு போச்சேண்ணே. நேத்து அம்மாகிட்ட சொல்லி அழுதுட்டேன். நீ வராட்டி கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுடலாம்ணே. நீ இல்லாம நான் மேடை ஏற மாட்டேன்."

ஒரு மேட்ச்சைப் பார்த்துவிட்டு வந்த பயலுக்கு இந்தப் பெண் கண்ணீர் விடுகிறாளே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் அப்போதுதான் பிடித்துக்கொண்டது. ஆபீஸில் நிஜமாகவே ரேகை கேட்பார்களே! இப்போது நிஜமாகவே ரேகை இல்லையே! நல்ல விரலைத் தன் கையாலேயே உப்புத்தாளில் தேய்த்துத் தொலைத்தாயிற்றே!

போனை வைத்ததும், "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தார்.

மனைவி அவரையே பார்த்தபடி ஒரு கணம் நின்றாள். "சொல்லுங்க."

அந்தப் பார்வையில் அவருடைய தைரியம் லிஃப்டை விட வேகமாகக் கீழே இறங்கியது. அவள் எதை வேண்டுமானாலும் மன்னிப்பாள், பொய்யை மட்டும் மன்னிக்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும்.

"பாகற்காய்ல கொஞ்சம் உப்பு கம்மி," என்றார்.

"அப்படியா? நாளைக்கு இன்னும் நிறையச் செஞ்சு, சரியா உப்புப் போடறேன்," என்று அவள் உள்ளே போனாள்.

ஒருவழியாக அந்த நாள் வந்தது. மனைவியும் கூடவே கிளம்பினாள். வழியில் வெல்டரின் வீட்டைத் தாண்டும்போது, அவருடைய உறை மாட்டிய கையை அவள் ஏனோ இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆபீஸ் வாசலில் உறைகளைக் கழற்றி, விரலை ஒவ்வொன்றாகத் துடைத்து விட்டாள்.

"போயிட்டு வாங்க. நான் இங்க உட்கார்ந்திருக்கேன். ரேகை விழும், தைரியமா இருங்க."

உள்ளே கவுன்ட்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பழைய பாஸ்போர்ட்டை வாங்கினாள். முகத்தைப் படம் பிடித்தாள். கையெழுத்துப் போடச் சொன்னாள். மெக்கானிக் நெற்றி வியர்க்க, விரல் நுனிகளில் வாயால் ஊதிக்கொண்டே, மெஷின் எங்கே என்று தேடினார்.

"அவ்வளவுதான் சார். சீக்கிரமே கையில கிடைச்சிடும். கிளம்பலாம்."

"ரேகை?"

"என்ன ரேகை?"

"விரல் ரேகைங்க. பத்து விரலும்."

"அதெல்லாம் இங்க எடுக்கறதே இல்லையே சார்."

மெக்கானிக்குக்கு ஒரு பக்கம் போன உயிர் திரும்பி வந்தது. மறுபக்கம், வந்த உயிர் வாசலில் உட்கார்ந்திருக்கிற மனைவியை நினைத்துத் திரும்பவும் கிளம்பியது. கண்ணாடித் தடுப்பில் இருந்த ஓட்டைக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கிசுகிசுத்தார்.

"அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். வெளியில என் வீட்டுக்காரி இருக்கா. அவ வந்து கேட்டா, ரேகை எடுத்தோம், நல்லா விழுந்துச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க. போன தடவை நான் இங்க வரலைங்கறது அவளுக்குத் தெரியாது."

அந்தப் பெண் பாஸ்போர்ட்டில் இருந்த பெயரை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஓ, அது நீங்கதானா! அன்னிக்கு மத்தியானமே உங்க வீட்டம்மா போன் பண்ணி, எங்க வீட்டுக்காரர் வந்தாரான்னு கேட்டாங்க. வரலைன்னேன். மறுநாள் திரும்பவும் கூப்பிட்டாங்க. அன்னிக்கே ஒரு இடம் காலியா இருக்கு, உடனே அனுப்புங்கன்னு சொன்னேன் சார். அவங்கதான், 'வேண்டாம், ஒரு வாரம் தள்ளிக் குடுங்க, வீட்டுல ஒரு வைத்தியம் பாக்கி இருக்கு'ன்னாங்க."